கார்பன் வைக்காத கடிதம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை வாலு எழுதுவது. நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமா என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறேன். கடைசியில் கேட்கலாம் என்று வைத்தால் மறந்துபோகிறது.

போன தடவை அங்கே விட்டுவிட்டு வந்த துணிகள் நேற்று பொட்டலமாக வந்து சேர்ந்தன. பிரித்ததும் என் அறை முழுக்க நம் சலவைக் கடை வாசனை. நீலச் சட்டையில் நீ குத்தியிருந்த சீட்டைப் படித்துச் சிரித்தேன். "இடது கையில் மைக் கறை. முக்கால்வாசி போய்விட்டது. மீதி என்னால் முடியவில்லை." தங்கைக்குக்கூடவா சீட்டு? கறை போகாவிட்டால் போகவில்லை என்று சொல்லிக் கொடுக்கும் ஒரே சலவைக்காரர் இந்த உலகத்தில் நீதான். அதற்காகவே உன்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

ஏன் போனில் வருவதில்லை என்று அண்ணி கேட்டார்களாம். எட்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அறைக்கு வந்து போனைக் கையில் எடுத்தாலே கண் எரிகிறது. கண் டாக்டரும் கண்டித்துவிட்டார். காகிதம் எரிவதில்லை. அதனால் இனி இப்படித்தான். நீயும் எழுது. வேலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முன்பே சொன்ன எழுத்துச் சரிபார்ப்புதான். நாலாவது மாடி, ஜன்னல் ஓரம், எதிரே ஒரு பல் டாக்டரின் பெயர்ப் பலகை.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய அன்று நீ என் சட்டைக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டாய். அதற்கு இன்னும் நான் உன்னிடம் நன்றி சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நன்றி அண்ணா.

பாசத்துடன்,
வாலு

-

ஜனவரி 20

அருமைத் தங்கை வாலுவுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அண்ணி, மூன்று மெஷின், ஒரு பாய்லர் எல்லோரும் நலம். இரண்டாவது மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல்.

பில் புத்தகத்துத் தாளில் கடிதமா என்று முகத்தைச் சுளிக்காதே. எனக்கு வேறு தாளில் எழுத வராது. கார்பன் வைத்துத்தான் எழுதுகிறேன். மேல் தாள் உனக்கு, கீழ்த் தாள் எனக்கு. இருபது வருஷமாகக் கை அப்படியே பழகிவிட்டது. நகல் இல்லாமல் எழுதினால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்கு நீ "அண்ணா, நீ அப்படி எழுதினாயே" என்று மல்லுக்கு வந்தால் எடுத்துக் காட்டுவேன், ஜாக்கிரதை.

இங்கே பெரிய யுத்தம் நடக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கட்டப் போகிறார்களாம். பேக்கரி முன்னாலா, நம் கடை முன்னாலா என்று போனில் நம் ஏரியா குழுவில் நாள் முழுக்க அடிதடி. நம் கடை வாசலை மறைத்தால் துணி கொண்டு வருகிற மருத்துவமனை வண்டி எங்கே நிற்கும்? நான் விடுவேனா? பேக்கரிக்காரனை நேற்று ஒரு பிடி பிடித்தேன். அவன் பதில் எழுத எழுத நான் எழுத, கடைசியில் ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டி சூடாகிப் புகையே வந்துவிட்டது. "இந்த வாய் சண்டைக்கு அந்த போனைத் தூக்கி மெஷின்ல போடுங்க, வெளுத்தாவது வரட்டும்" என்கிறாள் உன் அண்ணி. அவளுக்குப் பொது விஷயத்தில் அக்கறை இல்லை.

முன்பெல்லாம் நம்மைப் போன்றவன் வாயைத் திறந்தால் கடைக்குள் இருக்கும் நாலு பேருக்குத்தான் கேட்கும். இப்போது எண்ணூறு பேருக்குக் கேட்கிறது. அதற்கு இந்தக் குழு இருக்கிற இணையத் தளத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

கண்ணைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

-

பிப்ரவரி 9

வாலு,

நலம் விசாரிக்க மனசு இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். கண் எப்படி? இங்கே உடம்பு நலம், மற்றது எதுவும் நலமில்லை.

போன புதனும் வியாழனும் ஏரியாவில் தண்ணீர் இல்லை. யாரும் ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குழாயில் சத்தம் கேட்டது. மருத்துவமனைக் கோட்டு இருபத்திரண்டு காத்துக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். உடனே மெஷினைப் போட்டேன். திறந்து பார்த்தால் இருபத்திரண்டும் துரு நிறம். அடைத்து வைத்த குழாயில் தேங்கிய துரு மொத்தமும் என் மெஷினுக்குள் வந்து இறங்கிவிட்டது. நான் ஒரு மடையன், கோபத்தில் பிளீச்சிங்கை அள்ளிக் கொட்டினேன். துருக்கறைக்கு பிளீச்சிங் போடக் கூடாது, போட்டால் கறை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவன் நான். கோபத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

தலைமை நர்ஸ் கோட்டை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாதம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த மருத்துவமனைத் துணி போய்விட்டால் மூன்று மெஷினில் இரண்டுக்கு வேலை இல்லை. உனக்குத் தெரியாததா?

தண்ணீருக்குப் பொறுப்பு குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற இன்ஜினியர் அம்மா. அன்று சாயங்காலம் அவரைப் பற்றி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதி, குழுவில் இல்லை, அதே தளத்தில் எல்லோரும் பார்க்கிற பக்கத்திலேயே போட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்கு எழுத மாட்டேன். தங்கைக்கு எழுதுகிற விஷயமில்லை.

ஆறே நிமிஷம். பதிவைக் காணோம்! "விதிகளுக்குப் புறம்பானது, நீக்கப்பட்டது" என்று ஒரு வரி. யார் நீக்கினார்? எங்கே உட்கார்ந்திருக்கிறார்? துருத் தண்ணீரில் ஒரு நாளாவது துணி துவைத்திருப்பாரா? நான் சொன்னது தப்பென்றால் தப்பு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். முகமே இல்லாத ஒரு ஆள் வந்து என் வாயைப் பொத்திவிட்டுப் போவதா? வேறு பெயரில் திரும்பப் போடப் போகிறேன். இந்தத் தடவை யாராலும் அழிக்க முடியாத மாதிரி.

கடுப்பில் தாறுமாறாகக் கிறுக்கியிருக்கிறேன். கார்பனில் சரியாக விழுந்ததோ என்னவோ.

உன் அண்ணன்

-

பிப்ரவரி 14
(உறையில் போடாதது)

அண்ணா,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. எழுதிவிட்டு மேஜை இழுப்பறையின் அடியில் வைத்துவிடுவேன். ஆனால் எழுதாமல் இருந்தால் உனக்கு எழுத வேண்டிய கடிதம் வராது.

உன் வாயைப் பொத்திய அந்த முகமில்லாத ஆள் நான்தான்.

எழுத்துச் சரிபார்ப்பு என்று நான் சொன்ன வேலை இதுதான். நீ எழுதுகிற அந்தத் தளத்தில் மக்கள் புகார் செய்கிற பதிவுகள் என் திரைக்கு வரும். நம் மொழிக்கு மொத்தமே பதினொரு பேர் இருக்கிறோம். ஒரு பதிவுக்கு ஐம்பது நொடி. வைக்கலாம், எடுக்கலாம். எழுதியவர் தெரிந்தவர் என்றால் எதையும் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், அதற்கென்று தனிப் பொத்தான் உண்டு. இந்த வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எழுதியவரின் பெயர் மறைத்துத்தான் வரும். ஆனால் "இருபத்திரண்டு வெள்ளைக் கோட்டு" என்று படித்ததும் நிமிர்ந்தேன். "கறை போகாவிட்டால் போகவில்லை என்று சொல்கிறவன் நான்" என்று வந்ததும் நீ என்று தெரிந்துவிட்டது. நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய். தண்ணீரை மூடித் திறப்பதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது முதல் கேள்வி. அது நியாயம். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மஞ்சள் கேட் போட்ட வீடு எந்தப் பணத்தில் வந்தது என்பது இரண்டாவது. புருஷன் இல்லாத அந்த வீட்டு வாசலில் தினம் சாயங்காலம் நிற்கும் வண்டி யாருடையது என்பது மூன்றாவது. அண்ணா, இதை நீ எழுதினாயா என்று மூன்று தடவை படித்தேன். ஐம்பது நொடியில் முப்பது அதிலேயே போய்விட்டது.

அடுத்தவருக்குத் தள்ளியிருந்தால் அவர் வைத்திருப்பார். கெட்ட வார்த்தை இல்லை, மிரட்டல் இல்லை, பெயர்கூட இல்லை. மஞ்சள் கேட் என்றால் அந்த இன்ஜினியர் வீடு என்று நம் ஏரியாக்காரருக்குத்தான் தெரியும். நம் கடைப் படியில் நின்றாலே தெரிகிற வீடு. ஒரு பெண்ணின் வாசலுக்கு வழி காட்டுகிற பதிவு அது என்பது பதினொரு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்துவிட்டேன். நீ மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எடுத்தேனா, அந்த அம்மாவுக்காக எடுத்தேனா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய், விதியை மீறிவிட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் நானே சொன்னேன். விசாரிக்கிறார்கள்.

நீ கேட்டது சரியான கேள்விதான். முகமே இல்லாத ஒரு ஆள் வந்து வாயைப் பொத்துவதா? தினமும் நானூறு பேரின் வாயைப் பொத்துகிறேன், திறந்தும் விடுகிறேன். ஒருத்தருடைய முகமும் எனக்குத் தெரிந்ததில்லை, உன்னுடையதைத் தவிர. இது தெரிந்தால் நீ என்னை மன்னிப்பாயா? அது ஒன்றுதான் இப்போது எனக்குப் பயம்.

வாலு

-

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் பரவாயில்லை. சொட்டு மருந்து போடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கோபம் வந்தால் நீ முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

கோட்டுகளை எலுமிச்சை உப்பில் ஊற வைத்துப் பார்த்தாயா? உனக்கே நான் சொல்கிறேன் பார்.

திரும்பப் போடாதே அண்ணா. உனக்கு வாயில்லை என்று நான் சொல்லவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் குடியிருப்போர் கூட்டம் நடக்குமே, அந்த இன்ஜினியரும் வருவாரே. அங்கே போ. எழுந்து நின்று கேள். அவர் பதில் சொல்லட்டும், உன் முகத்தைப் பார்த்து. மூன்றையும் கேட்காதே. முதல் கேள்வியை மட்டும் கேள். மற்ற இரண்டும் தண்ணீரைப் பற்றியவை இல்லை.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ.

பாசத்துடன்,
வாலு

-

பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு அண்ணி எழுதுவது. நலமாக இரும்மா.

எனக்கு எழுத்து வராது, சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் அண்ணன் வேறு பெயரில் போடுகிற பேச்சையே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, நான் சலவைக் கடைக்காரன்" என்று ஒத்திகை பார்க்கிறார். வாடிக்கையாளர் வந்து நின்றால்கூடத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லிவிடாதே. அந்தப் பதிவின் மேல் புகார் கொடுத்தது நான்தான். அவர் இஸ்திரி மேஜையில் போனை வைத்துவிட்டுப் போனார், நான் படித்துப் பார்த்தேன். "இதை எடுத்துடுங்க"ன்னு சொன்னால் கேட்கிற ஆளா? என் போனில் போய்ப் புகார் பொத்தானை அமுக்கினேன். சொல்லி வைத்த மாதிரி ஆறு நிமிஷத்தில் போய்விட்டது. யார் எடுத்தார்களோ, அவர்கள் கை நன்றாக இருக்க வேண்டும். கட்டின புருஷன் மேல் புகார் கொடுத்துவிட்டேனே என்று ஒரு பக்கம் உறுத்துகிறது. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. உனக்குத் தெரியும்.

கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையாவது வை.

அண்ணி

-

மார்ச் 9

என் அருமைத் தங்கைக்கு,

நலம். நிஜமாகவே நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போனேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அறுபது பேர் இருப்பார்கள். குழுவில் என்னோடு மல்லுக்கட்டுகிற பேக்கரிக்காரனும் வந்திருந்தான். எழுத்தில் அத்தனை நீளமாகப் பேசுகிறவன் நேரில் பார்த்தால் என் தோளுக்குத்தான் வருகிறான். "உட்காருங்க"ன்னு நாற்காலியை வேறு நகர்த்திக் கொடுத்தான். என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. கண்ணாடி முன்னால் பேசினதெல்லாம் பறந்துபோயிற்று. நீ எழுதியபடி முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். "தண்ணிய மூடித் திறக்கப் போறீங்கன்னு எங்ககிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லல? என் கடையில இருபத்திரண்டு கோட்டு பாழாப்போச்சு."

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. எழுந்து நின்று முதலில், "கோட்டு பாழானதுக்கு ரொம்ப வருத்தப்படறேங்க" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை காலையில பத்து பன்னிரண்டுக்கு உங்க குழுவுல அறிவிப்பு போட்டேன். ரெண்டு நாள் தண்ணி வராது, திறந்ததும் முதல் ரெண்டு மணி நேரம் துருவோட வரும், பிடிக்காதீங்கன்னு. பத்து நாற்பதுக்குள்ள அதுக்குக் கீழ நூத்தி அறுபத்து மூணு செய்தி வந்துடுச்சு. எல்லாம் நிழற்குடை பத்தி. என் அறிவிப்பு எங்கயோ மேல போயிடுச்சு. ரெண்டாவது தடவை போட்டேன், அதுவும் போயிடுச்சு."

ஹாலில் சலசலப்பு. யாரோ பின்னாலிருந்து, "யாரு அவ்வளவு போட்டது? பேரச் சொல்லுங்க" என்று கத்தினார்.

அந்த அம்மாவின் கையில் அந்தப் பெயர்கள் இருந்தன, வாலு. தாளில் அச்சடித்தே வைத்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பேரு எதுக்குங்க, இனிமே எப்படிச் சொல்றதுன்னு பார்ப்போம்" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே போனை எடுத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, பத்து பன்னிரண்டு. அறிவிப்பு இருந்தது. அதற்குக் கீழே அடுத்த செய்தி என்னுடையது. "பேக்கரிக்காரர் வெயில் பட்டால் உருகிவிடுவாரோ" என்று நான் அடித்த ஜோக். எண்ணிப் பார்த்தேன். நூற்று அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று நான் போட்டது.

கையைத் தூக்கினேன். தூக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "அதுல நாப்பத்தொண்ணு என்னோடதும்மா. நீங்க சொன்னதை நானே மூடிட்டேன், அப்புறம் நானே வந்து ஏன் சொல்லலன்னு கேக்கறேன்." பிறகு பேக்கரிக்காரன் எழுந்து, "எனக்கு ஒரு முப்பது வரும்" என்றான். ஹாலே சிரித்தது. என் மூக்கு உடைந்தது, ஆனால் வலிக்கவில்லை.

எலுமிச்சை உப்புக்குப் பதினாறு கோட்டு தேறிவிட்டது. மீதி ஆறுக்கும் சீட்டுக் குத்தினேன். "துருக்கறை. என் தவறு. கோபத்தில் பிளீச்சிங் போட்டேன்." தலைமை நர்ஸ் படித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொடுக்கிற கடையை விட்டுட்டு வேற எங்க போறது" என்றார். துணி நம்மிடமே வருகிறது.

போ என்று சொன்னதற்கு நன்றிடா வாலு.

உன் அண்ணன்

-

ஏப்ரல் 3

வாலுவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கண்ணா, வேலையா? ஒரு வரி போடு, போதும். இங்கே எல்லோரும் நலம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் துணியை மடிக்கக்கூடக் கை ஓடவில்லை. போன வாரம் இன்ஜினியர் அம்மா கடைக்கு வந்தார். கேட்டுக்கு மறுபடி மஞ்சள் அடித்திருந்தது, பெயின்ட் அவர் துப்பட்டாவில் பட்டுவிட்டது. ஏன் மறுபடி அடித்தீர்கள் என்று சும்மா கேட்டேன். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் யாரோ ஒருவன் வந்து கேட்டை உதைத்து, உள்ளே எட்டிப் பார்த்து அசிங்கமாகக் கத்திவிட்டுப் போனானாம். கேட் நசுங்கிவிட்டதாம். உள்ளே படுக்கையில் இருக்கிற அப்பா பயந்துபோய் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "எதுக்கு வந்தான்னே தெரியலைங்க" என்றார். தேதி கேட்டேன். நான் எழுதிய அதே நாள்.

என் பதிவு ஆறு நிமிஷம்தான் இருந்தது. ஆறு நிமிஷத்தில் ஒருத்தன் கிளம்பிவிட்டான். ஆறு நாள் இருந்திருந்தால்?

வாசலில் தினம் நிற்கிற வண்டி அவருடைய தம்பியுடையதாம். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று வேலை முடிந்து நேராக அங்கே வருகிறானாம். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியாது. புரிய வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எழுதினது நான் என்று சொன்னேன். அந்த அம்மா துப்பட்டாவை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, "நீங்களா வந்து சொன்னீங்களே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அடுத்த நாள் கேட்டின் நசுங்கலை நானே தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன்.

இப்போது ஒரு ஏற்பாடு. தண்ணீர் அறிவிப்பை அவர் தாளில் எழுதிக் கொடுக்கிறார். நான் ஒவ்வொரு சலவைப் பொட்டலத்திலும் சீட்டோடு சேர்த்துக் குத்தி அனுப்புகிறேன். பேக்கரிக்காரன் ரொட்டிப் பையில் போடுகிறான். குழுவும் இருக்கிறது, நான் அங்கே ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் போடுவது என்று வைத்திருக்கிறேன். மூன்று நாளாகக் கட்டுப்பாடாக இருக்கிறேன்.

என் பதிவை அழித்த அந்த முகம் தெரியாத ஆளை அன்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். இப்போது தினமும் கடையைத் திறக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். எந்த ஊரில் எந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

கடிதம் போடு. மனசு கிடந்து தவிக்கிறது.

உன் அண்ணன்

-

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணியிடமும் சொல்.

அலுவலகத்தில் கொஞ்ச நாளாக ஒரு பிரச்சினை. தப்பு என்னுடையதுதான். நல்லவிதமாக முடிந்தது. என் மேற்பார்வையாளர் நியாயமான மனுஷி, செய்த காரியம் சரி, செய்த விதம் தப்பு என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தார். இடத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லித் தருகிறேன். ஜன்னல் போய்விட்டது, பல் டாக்டர் பலகை தெரிவதில்லை. கண்ணுக்கு இது தேவலை.

உன் கடைசிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. கையைத் தூக்கினாயே, அந்த இடத்தை மட்டும் அதற்கு முந்தின கடிதத்தில் தேடித் தேடிப் படிக்கிறேன். உன் தங்கையாகப் பிறந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்கே சொல்லிவிடுகிறேன்.

பாசத்துடன்,
வாலு

-

மே 6

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டேன்.

நேற்று ஒரு வாடிக்கையாளர் பிப்ரவரியில் கொடுத்த போர்வையைக் கேட்டு வந்தார். பழைய பில்லைத் தேடினேன். தேடினபோது உனக்கு எழுதின கடிதத்தின் நகல் கையில் வந்தது, பிப்ரவரி 9. என் கோபத்தை நானே படித்துச் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். "என்ன எழுதினேன் என்று உனக்கு எழுத மாட்டேன்" என்று இருக்கிறது.

உன் பதில் கடிதம் கல்லாப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்தேன். "மூன்றையும் கேட்காதே. முதல் கேள்வியை மட்டும் கேள்."

மூன்று கேள்வி என்று நான் உனக்கு எழுதவே இல்லையே, வாலு.

உன் அண்ணி சொல்லியிருப்பாளோ என்று கூப்பிட்டுக் கேட்டேன். அவள் முகம் வெளிறி, புகார் கொடுத்தது நான்தான் என்று தானாக ஒப்புக்கொண்டாள். ஆனால் உனக்கு எழுதினது அதற்குப் பிறகு என்று சத்தியம் செய்கிறாள். ஊர் உலகமெல்லாம் யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்துக் கொடுத்த ஆள் என் சமையலறையில் இருந்திருக்கிறது. அப்புறம் ஜன்னல், கண் எரிச்சல், எழுத்துச் சரிபார்ப்பு, இரண்டு மாதம் கடிதம் இல்லாதது, இடம் மாற்றினது. எல்லாவற்றையும் இஸ்திரி மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

மறைக்கவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. அந்த இரண்டு கேள்வியை நீ படித்திருக்கிறாய் என்ற வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. காலையில் மூன்று மெஷினையும் ஓட விட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன். இப்போது சரியாகிவிட்டது.

அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்லி வைக்கிறேன். வெறுமனே அழித்திருந்தால் நான் திருந்தியிருக்க மாட்டேன். வேறு பெயரில் வந்து இதைவிட மோசமாகப் போட்டிருப்பேன். அழித்ததோடு நிற்காமல், போய் நேரில் கேள் என்று ஒரு கடிதமும் எனக்கு வந்தது பார், அதுதான் என்னைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் அப்படி ஒரு கடிதம் வராது. எனக்கு வந்தது. என்னை மன்னித்துவிடு. உன்னை நான் மன்னிக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். கண் எப்படி, சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எப்போதும் போல எழுது. உன் வேலைக்கு என்னால் ஒரு கறையும் படக் கூடாது.

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இருபது வருஷத்தில் முதல் தடவையாக இந்தத் தாளுக்கு அடியில் கார்பன் வைக்கவில்லை.

உன் அண்ணன்